எட்டாவது மாடியில் தட்டாத கதவு

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்கு. வழியனுப்ப வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அக்காவுக்கு வேலை, அம்மாவுக்குக் கோபம். வந்தவள் துரு மட்டும்தான்.

அவளுடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும் என்றாலும் ஒருநாளும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. பள்ளியில் படிக்கும்போதே தலைமுடியைச் செம்பட்டையாக்கிக்கொண்டதால் வந்த பட்டப்பெயர் அது. பிறகு முடியின் நிறம் மாறியது, பெயர் மாறவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்குப் போடும் சாம்பல் நிறச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். தலையின் இடது பாதியை எப்போதும் மழித்திருப்பாள்; வலதுபக்க முடியை எண்ணெய் வைத்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டு அதை மூடியிருந்தாள். காதில் வரிசையாகக் குத்தியிருக்கும் ஊக்குகளைக் காணோம். ஐந்து ஓட்டைகள் வெறுமனே தெரிந்தன.

"விசாரணைக்குப் போறியா, பள்ளிக்கூடத்துக்குப் போறியா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லணும்."

என் பெட்டியைத் தூக்கிப் பேருந்தின் வயிற்றுக்குள் தள்ளினாள். ஏற்கெனவே இருந்த மூட்டைகளை முழங்காலால் நெருக்கி இடம் பண்ணினாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏய் கேமரா. எட்டாவது மாடிலயும் சொன்னல்ல?"

"சொன்னேன்."

"நாலு கதவும்?"

"நாலு கதவும்தான்டி."

"அது போதும். படம் எடுக்கத்தான் நிறுத்தினேன்னு ஒத்துக்கப் போறேன். திட்டுவாங்க, ஒரு மாசம் வீட்ல உக்கார வைப்பாங்க. ஆனா சொல்லாம நிறுத்தினேன்னு ஒருத்தன் வாயிலயும் வரக்கூடாது."

பேருந்து நகர்ந்தபோது அவள் கையசைக்கவில்லை. இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அந்த நிலையமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல் கத்தினாள். அது அவள் மேடையில் பாட்டை முடிக்கும் கத்தல். பக்கத்து இருக்கைக்காரர், "யாரும்மா அது, உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.

"பாடகி" என்றேன்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துரு மின்தூக்கி பழுதுபார்ப்பவள். யாரும் மின்தூக்கி என்று சொல்வதில்லை, லிஃப்ட்தான். தொழிற்பயிற்சிப் பள்ளியில் அவள் வகுப்பில் முப்பத்தொரு ஆண்கள், இவள் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டடங்களில் காவலாளிகள் இவளைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். "மேல போயிட்டார்" என்று சொல்லிவிட்டு அவளே மேலே போவாள். கொஞ்ச நாளில் 'லிஃப்ட் அம்மா' ஆகிவிட்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு.

பாட்டு அவளுக்கு அங்கேதான் கிடைத்தது. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தக் கிணற்றுக்குள் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு ஒருநாள் விரலை நசுக்கிக்கொண்டாளாம். வலியில் கத்தியிருக்கிறாள். கத்தல் ஒன்பது மாடி இறங்கி, அடியில் முட்டி, தடித்துத் திரும்பி வந்தது. "அது என் குரல் மாதிரியே இல்லடி. என்னைவிடப் பெரிய ஆளோட குரல். விரலை மறந்துட்டு இன்னொரு தடவை கத்திப் பாத்தேன்" என்பாள். அடுத்த மாதம் பழைய கிதார் ஒன்று வாங்கினாள். கம்பிகளை அழுத்தும் மூன்று கைநிலை மட்டும் கற்றுக்கொண்டாள். கத்திப் பாடும் பங்க் இசைக்கு அதற்குமேல் தேவையில்லை என்பது அவள் கட்சி. டயர் கடைக்காரர் ஒருவர் டிரம்ஸ் அடிக்க, அவருடைய தங்கை பேஸ் கிதார் வாசிக்க, 'அவசர வழி' என்று ஒரு குழு. மூடிப்போன அச்சகம் ஒன்றின் நிலவறையில் பாடுவார்கள். முப்பது பேர் வருவார்கள். பாட்டு ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒரு பாட்டு. மேற்பார்வையாளர் இருமுவதைப் பற்றி ஒரு பாட்டு.

அவளுடைய அம்மா வீட்டிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுப்பவர். துரு பயிற்சி செய்யும்போது தையல் இயந்திரத்தை வேண்டுமென்றே வேகமாக மிதிப்பார்.

"நீயாவது சொல்லு பாப்பா" என்பார் என்னிடம். "தொண்டைமேல இவளுக்கு என்ன பகை? பாடுறவங்க யாராவது பாடி முடிச்சிட்டு உப்புத்தண்ணியில வாய் கொப்பளிப்பாங்களா?"

"அம்மா, உன் மிஷினும்தான் கத்துது."

"என் மிஷின் கத்தினா பை வருது. நீ கத்தினா என்ன வருது?"

துரு யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரர் வர்றார்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மாதம் அவளைப் படமெடுத்தேன். வெளிநாட்டு அமைப்பு ஒன்று இளம் புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்புகிறது, பன்னிரண்டு படம் அனுப்ப வேண்டும் என்று அறிந்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை எனக்கு. ஞாயிறுதோறும் அவளை இழுத்துக்கொண்டு அலைவேன். மேம்பாலத் தூண்களுக்கு அடியில், பேருந்து கழுவும் கொட்டகையில், பழைய இரும்புக் கடையில் நசுங்கிய கார்களின் மேல். சுவர் எவ்வளவு பாழாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது எனக்கு.

"நான் வேலை பாக்கிற இடத்தையெல்லாம் துடைச்சு எண்ணெய் போட்டுப் பளிச்சுனு வச்சிருப்பேன்" என்றாள் ஒருநாள், கழிவுநீர் ஏற்றும் நிலையத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றபடி. "நீ என்னடான்னா என்னைக் கொண்டுவந்து நாத்தத்துல நிறுத்துற. சொந்தக்காரங்க பாத்தா நான் இங்கதான் குடியிருக்கேன்னு நினைக்கப் போறாங்க."

"மூக்கை விடு. சுவரோட நிறத்தைப் பாரு."

"படத்துல நாத்தம் வராதுங்கிற தைரியம் உனக்கு."

பதினோரு படம் தேறிவிட்டது. பன்னிரண்டாவதாக எனக்கு அந்தக் கிணறு வேண்டும். பெட்டியின் கூரைமேல் அவள், தோளில் கிதார், சுற்றிலும் கம்பிவடங்கள். முதல் தடவை கேட்டபோது முடியவே முடியாது என்றாள். இரண்டாம் தடவை, "அது என் வேலை நடக்கிற இடம்டி, உன் இரும்புக் கடை இல்ல" என்றாள். மூன்றாம் தடவை நான் அழுதேன். உண்மையாக வந்த அழுகைதான். ஆனால் அடக்க முயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி என்றாள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில், எண்ணெய் போடுவதற்கு முன்னால் அரைமணி நேரம். ஆனால் ஒரு நிபந்தனை: கதவு தட்ட வேண்டும்.

அது அவளுடைய வழக்கம். நிறுவனம் கேட்பதெல்லாம் தரைத்தளத்தில் 'வேலை நடக்கிறது' என்று ஒரு பலகை, அவ்வளவுதான். இவள் லிஃப்டை நிறுத்துவதற்கு முன் நாலாவது மாடியிலிருந்து மேலே உள்ள ஒவ்வொரு கதவையும் தட்டி, "அரைமணி நேரம் நிறுத்துறேன், யாராவது இறங்கணுமா, ஏறணுமா? உள்ளேயிருந்து சத்தம் வரும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். கூட வேலை செய்பவர்கள் 'தபால்காரி' என்று கேலி செய்வார்கள்.

"முதல் வருஷம் ஒரு அக்கா கைக்குழந்தையோட ஏழு மாடி ஏறி வந்தாங்க" என்று காரணம் சொன்னாள். "திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு பார்வை பாத்தாங்க. அதுக்கப்புறம் தட்டாம நிறுத்தினதில்ல."

அந்தச் சனிக்கிழமை வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நாலு, ஐந்து, ஆறு அவளுக்கு. ஏழு, எட்டு, ஒன்பது எனக்கு. மாடிக்கு நாலு கதவு.

ஏழில் இரண்டு வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா என்னை நிற்கவைத்து, லிஃப்ட் விளக்கு மினுக்குவதைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிட்டது. கிணற்றின் உச்சியில் காற்றுக்காக விட்ட இடைவெளி வழியாக நாலு மணி வாக்கில் பதினைந்து நிமிடம் மட்டும் வெளிச்சம் சாய்வாக இறங்கும் என்று முந்தின மாதமே வந்து குறித்துவைத்திருந்தேன். எட்டாவது மாடியை ஓடிக் கடந்தேன். நாலு கதவும் சாத்தியிருந்தது நினைவிருக்கிறது. ஒரு கதவருகே மிதியடிமேல் நீட்டுக் குடை ஒன்று சாய்த்து வைத்திருந்ததுகூட நினைவிருக்கிறது. ஒன்பதாவது மாடியில் நாலு கதவையும் தட்டினேன். அங்கேதான் துரு வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

சாவியைத் திருப்பினாள். பெட்டியை இரண்டு மாடி கீழே இறக்கி நிறுத்தி, கிணற்றுச் சுவரின் ஏணி வழியாக அதன் கூரைமேல் இறங்கி, கிதாரை மாட்டிக்கொண்டாள். நான் ஒன்பதாவது மாடியின் திறந்த வாசலில் குப்புறப் படுத்தேன். என் இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் அவளே முடிந்திருந்தாள், முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்து. வெளிச்சம் இறங்கியது. "கத்து" என்றேன். கத்தினாள்.

அந்த ஃபிலிம் சுருளில் பதினோராவது படம்தான் நான் தேடியது. வாய் திறந்திருக்கிறது, கண்கள் மேலே என்னைப் பார்க்கின்றன, வடங்கள் நாலும் வெளிச்சத்தில் நரம்பு மாதிரி நிற்கின்றன. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கத்தவைத்துக்கொண்டே இருந்தேன். முப்பதாவது படம் எடுக்கும்போது காவலாளியின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

"லிஃப்ட் அம்மா! லிஃப்ட் அம்மா! எட்டாவது மாடிக்காரர் படியில விழுந்துட்டார்!"

ஆறாவது மாடித் திருப்பத்தில் கிடந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. இறங்கி ஓடும்போதே துரு மூச்சிரைக்கக் கேட்டாள்: "எட்டுல சொன்னல்ல?"

"சொன்னேன்."

முதல் தடவை அது பயத்தில் வந்துவிட்டது. பத்து நாள் கழித்துப் பேருந்து நிலையத்தில் சொன்னதற்கு அந்தச் சாக்குக் கிடையாது.

பன்னிரண்டு படங்களையும் மறுநாளே அனுப்பியிருந்தேன்; ஒரே வாரத்தில் கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள். கிளம்பிய அன்று மதியம் பேருந்து சாப்பாட்டுக்கு நின்றபோது ஃபோனைப் பார்த்தேன். அவளிடமிருந்து ஏழு அழைப்புகள். திரும்ப அழைக்கவில்லை. எட்டாவது அழைப்பு கையில் இருக்கும்போதே வந்தது. அதிரும் ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, அது நகர்ந்து நகர்ந்து தண்ணீர்க் குவளையில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாட்டில் இறங்கியதும் எண்ணை மாற்றினேன்.

நாலு ஆண்டுகள். அந்தப் பதினோராவது படம் எனக்கு முன்னால் போய் எனக்காகக் கதவு திறந்துவைத்தது. கண்காட்சிகளில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். "இந்தப் பெண் ஏன் கத்துகிறாள்?" என்று கேட்பார்கள். "கோபம்" என்று சொல்லிவைத்தேன். கைதட்டினார்கள். எந்த ஊரிலும் மூன்று மாதத்துக்குமேல் என்னால் தங்க முடியவில்லை. தங்கிய இடங்களில் எல்லாம் லிஃப்டைத் தவிர்த்துப் படியேறினேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்து அக்கா வீட்டில் பெட்டியை வைத்த மூன்றாம் நாள் துருவைத் தேடிப் போனேன். வீடு மாறியிருக்கவில்லை. முன்னறையில் ஒரு தையல் இயந்திரம் இருந்த இடத்தில் இப்போது மூன்று. மூன்றாவதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, வயிற்றைத் திறந்து, துரு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க முடி வளர்ந்திருந்தது. காதில் ஒன்றுமில்லை.

அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார். 'பாப்பா' என்று அழைக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

"உக்காரு" என்றாள் துரு. "அந்த எண்ணெய்க் குப்பியை எடு."

எடுத்துக் கொடுத்தேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்து வந்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "எட்டாவது மாடில நான் தட்டலை" என்றேன்.

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"நீ பஸ் ஏறின அன்னைக்குப் பத்தே முக்கால்லேருந்து." திருகாணியைப் பல்லில் கடித்திருந்ததால் பேச்சு நசுங்கி வந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில அந்தப் பெரியவரைப் பாக்க அவர் மக என்னை விடல. அதனால உன் வார்த்தை ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. எல்லாக் கதவையும் தட்டியாச்சு, வேணும்னா கேட்டுப் பாருங்கன்னு சொன்னேன். மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தை எடுத்தார். பெரியவர் சொன்னதை மக எழுதிக் கொடுத்தது."

"என்ன எழுதியிருந்தது?"

இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அது எண்ணெய் ஏறிச் சத்தமில்லாமல் சுழன்றது.

"யாரும் வந்து கதவைத் தட்டலயாம், வீட்ல உக்காந்திருந்தாராம். சுவருக்குள்ளேருந்து ஒரு பொம்பள கத்துற சத்தம் கேட்டுச்சாம். நிக்காம, திரும்பத் திரும்ப. லிஃப்டுக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு நினைச்சிருக்கார். பொத்தானை அமுக்கினா வேலை செய்யல. காவலாளிகிட்ட சொல்ல ஓடியிருக்கார்." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "என்னைக் காப்பாத்த ஓடினவர்டி அவர்."

துரு எண்ணெய்க் குப்பியை மூடி ஓரமாக வைத்தாள்.

"படம் எடுக்க நிறுத்தினதைக்கூட மன்னிக்கலாம், பொய் சொல்றவளை எப்படிம்மா மேல ஏத்துறதுன்னு கேட்டார் மேற்பார்வையாளர். உரிமத்தை வாங்கி வச்சுக்கிட்டாங்க. யார் தட்டினதுன்னு கேட்டாங்க. நான் பேர் சொல்லல. உன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு வெளிய வந்து ஃபோன் பண்ணேன்."

"எட்டு தடவை."

"நீ எண்ணிக்கிட்டு இருந்தியா?" என்றாள். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒத்துக்கொண்ட எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு வலித்தது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

பாட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவை நிலவறையில் ஏறினாளாம். வாயைத் திறந்ததும் எங்கோ படிக்கட்டில் யாரோ ஓடுவதுபோலக் கேட்டதாம். இறங்கிவிட்டாள். டயர் கடைக்காரர் இப்போது வேறு ஆளை வைத்து நடத்துகிறார்.

"நான் என்ன பண்ணணும்?"

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். அதே காவலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. படியேறினேன். எட்டாவது மாடியில் அதே மிதியடி, குடை இல்லை. நாலு ஆண்டும் பதினேழு நாளும் தாமதமாக அந்தக் கதவைத் தட்டினேன்.

அவரே திறந்தார், கைத்தடியோடு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்ததைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தாமல். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லல."

"இல்லைங்க. நான்தான்."

"நாலு வருஷமா நான் அந்தப் பொண்ணைத் திட்டாத நாள் கிடையாது" என்றார். "கால் வலிக்கும்போதெல்லாம் திட்டுவேன். தினமும் வலிக்கும்." கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். "அது பாட்டாம்மா? நிஜமாவே பாட்டா?"

"ஆமாங்க."

"என்ன வார்த்தை அதுல?"

அந்த நடையில் நின்று நான் வரிகளைச் சொல்ல வேண்டியதாயிற்று: "மேல போகணுமா, கீழ போகணுமா, சீக்கிரம் முடிவு பண்ணு, எனக்கு வேற வேலை இருக்கு." அதற்குப் பிறகு வெறும் கத்தல்தான் என்றேன்.

"மூணு வரிக்கு அவ்வளவு சத்தமா?" என்றார். சிரிக்கவில்லை. "இதை என்கிட்ட வாயால சொன்னா பத்தாது. எழுதுங்க. அந்தக் கம்பெனிக்கு, இங்க குடியிருக்கிறவங்க சங்கத்துக்கு. உங்க பேர் போட்டு எழுதுங்க. நானும் ஒண்ணு எழுதறேன். திட்டினதைத் திரும்ப எடுத்துக்க வேற வழி தெரியல." உள்ளே வரச் சொல்லாமலே கதவைச் சாத்தினார்.

எழுதினேன். கிணற்றுக்குள் படமெடுக்க மூன்று தடவை கெஞ்சியதிலிருந்து மேசைமேல் அதிர்ந்த ஃபோன் வரை. நகலைத் துருவிடம் கொண்டுபோனபோது வாசலிலேயே நின்று படித்தாள். ஓரிடத்தில் நகத்தால் கீறினாள். 'ஓடிக் கடந்தேன்' என்று எழுதியிருந்த இடம். "வெளிச்சம் போயிடும்னுதான் ஓடினேன்னு சேர்த்து எழுது. பாதியை எழுதாத" என்றாள். சேர்த்து எழுதினேன். அனுப்பினேன். படத்தை மாட்டி வைத்திருந்தவர்களுக்கும் ஒன்று எழுதி, அதை இறக்கச் சொன்னேன், சிலர் இறக்கினார்கள்.

நிறுவனத்திலிருந்து பதில் இல்லை. துருவும் அழைக்கவில்லை. நான் அக்கா வீட்டிலிருந்து தனி அறைக்கு மாறினேன், அடையாள அட்டைக்குப் படமெடுக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வந்து உட்காருபவர்களிடம் "வாயை மூடிக்குங்க" என்று சொல்வது என் வேலை. இரண்டு தடவை மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பப் பெட்டி கட்டி, அவிழ்த்தேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம், கடையில் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோனில் ஒரு செய்தி வந்தது. பெயர் போடவில்லை, தேவையுமில்லை.

"உரிமம் போன வாரம் கைக்கு வந்துச்சு. இன்னைக்கு அந்தப் பழைய கட்டடம். நாலுலேருந்து ஒன்பது வரைக்கும் இருபத்திநாலு கதவு, நானே தட்டிட்டேன். எட்டாவது மாடிக்காரர் எத்தனை மணிக்குக் கத்துவேன்னு கேட்டார். நாலு மணின்னேன். நாற்காலியை வாசல்ல போட்டு உக்காந்திருக்கார். உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். நீ வர வேண்டாம்."